அன்புமணி வண்டியின் பூட்டு

1

இந்தக் கதை ஒரு பஞ்சரில் பிறந்தது. 2011 ஜூனில், கடலூர் மஞ்சக்குப்பத்தில், ரிஸ்வானின் பட்டறையில் என் ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தேன். அடுத்தவன் அவஸ்தையை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்க வாய்த்தது. எழுதுகிறவன் பார்த்தால் அதற்கு அவதானிப்பு என்று பேர்.

முதல் தொடக்கம்: "வங்கக் கடலின் உப்புக்காற்று அந்தப் பூட்டைத் தழுவிய—" வேண்டாம்.

இரண்டாவது: அன்புமணி புது பைக் வாங்கி எட்டு மாதம். திருட்டுக்குப் பயந்து, முன்சக்கர டிஸ்க் பிரேக் தகட்டின் ஓட்டையில் மாட்டுகிற பூட்டு ஒன்றும் வாங்கியிருந்தான். அன்று காலை ஒன்பது மணிக்கு, பட்டறைக்கு எதிரே டீக்கடை வாசலில், சாவி அந்தப் பூட்டுக்குள்ளேயே முறிந்துபோனது. இதுவே இருக்கட்டும்.

2

பன்னிரண்டு மணிக்குச் சிதம்பரத்தில் அவன் தங்கை எழிலரசிக்குப் பதிவுத் திருமணம். மாப்பிள்ளை சார்லஸ், அவளோடு வேலை பார்ப்பவர். அந்தப் பேரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று அப்பா சுப்பராயலு சொல்லிவிட்டார். சாட்சிக்கு மூன்று பேர் வேண்டும். இரண்டு பேர் சிநேகிதர்கள். மூன்றாவது கையெழுத்துக்குத் தானே வருவதாக அன்புமணி வாக்குக் கொடுத்திருந்தான், அப்பாவுக்குத் தெரியாமல்.

3

டீக்கடைக் கூட்டம் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னது. ஒருவர் மண்ணெண்ணெய் என்றார், ஒருவர் தேங்காயெண்ணெய். ரிட்டயரான ஒருவர் எதற்கும் போலீசில் எழுதிக் கொடுத்துவிடச் சொன்னார். (என்னவென்று? 'என் வண்டியை யாரும் திருடவில்லை' என்றா?) நானும் ஒரு யோசனை சொன்னேன். அதை இங்கே எழுதப்போவதில்லை.

ரிஸ்வான் ரம்பத்தால் அறுத்துப் பார்த்தான். ரம்பத்தின் பல் தேய்ந்ததுதான் மிச்சம். மெஷின் வைத்துத்தான் அறுக்க வேண்டும், கரண்ட் பதினோரு மணிக்கு மேல்தான் வரும் என்றான். மின்வெட்டைக் கேட்டு முகம் தெளிந்த மனிதனை அன்றுதான் பார்த்தேன்.

"மச்சான், வண்டி கெடக்கட்டும். நீ பஸ்ஸுல போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்," என்றான் ரிஸ்வான்.

(இந்த வரியை இரண்டு முறை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். பஸ்ஸில் போய்விட்டால் கதை ஏது? ஆனால் அவன் சொன்னானே, என்ன செய்ய.)

புது வண்டியைத் தெருவில் விட்டுப் போனால் எவனாவது கிளப்பிக்கொண்டு போய்விடுவான் என்றான் அன்புமணி. திருடனே வந்தாலும் தோளில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும், அது அவனுக்கும் தெரியும்.

4

இங்கேதான் அவன்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. சாவி தானாக முறிந்ததா? முதல் பிரதியில் துரு முறித்தது. இரண்டாவதில் அவனே அழுத்தித் திருகி— அவ்வளவு கெட்டவன் இல்லை. தங்கைமேல் உயிரை வைத்திருந்தான், அப்பாமேல் பயத்தை வைத்திருந்தான். சாவி முறிந்ததும் அவனுக்கு வந்தது நிம்மதி. அவன் முகத்திலேயே அது தெரிந்தது.

5

கரண்ட் பத்தேகாலுக்கே வந்துவிட்டது. நம் ஊரில் எதுவும் சொன்ன நேரத்துக்கு நடக்காது என்பதற்கு இப்படியும் ஒரு அர்த்தம் உண்டு.

ரிஸ்வான் டிஸ்க்கில் ஈரத்துணியைச் சுற்றி மெஷினை வைத்தான். தீப்பொறி பறந்தது. நாலே நிமிஷம், பூட்டு இரண்டாக விழுந்தது. டிஸ்க்கில் ஒரு கீறல்கூட இல்லை. அன்புமணி வண்டியைத் தள்ளிப் பார்த்தான். உருண்டது. நம்பிக்கையில்லாமல் இன்னொரு தரம் தள்ளிப் பார்த்தான்.

சாவி முறிந்ததைக் காலையிலேயே எழிலரசிக்குப் போனில் சொல்லியிருந்தான். அப்போது அவள் மறுபடி போன் செய்தாள். தெருச் சத்தத்தில் காது கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டான்.

"எங்கண்ணா இருக்க?"

உருண்ட சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே, "பூட்டு இன்னும் கழலலம்மா," என்றான்.

நானும் ரிஸ்வானும் தலையைக் குனிந்துகொண்டோம்.

"பரவால்லண்ணா," என்றாள். "நீ வர மாட்டியோன்னு சார்லஸ் வேற ஒருத்தர வரச் சொல்லி வெச்சிருக்காரு. கையெழுத்துக்காக வர வேணாம். சும்மா வந்து நில்லு. இங்க நம்ம வூட்டு ஆளுன்னு ஒருத்தரும் இல்ல."

வைத்துவிட்டாள். அன்புமணி வண்டியைக் கிளப்பினான்.

6

முடிவு (அ): பி.முட்லூர் தாண்டும்போதே பதினொன்றேகால். மூச்சிரைக்க வந்து தங்கைக்குப் பின்னால் நின்றான்.

முடிவு (ஆ): வீட்டுக்குப் போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

முதலாவதை எழுதினால் வாசகர்கள் கண் கலங்குவார்கள். இரண்டாவதை எழுதினால் என்னை யதார்த்தவாதி என்பார்கள். எனக்கு இரண்டுக்கும் ஆசை.

நடந்தது என்னவென்றால், நான் கீழே கிடந்த பூட்டைக் குனிந்து எடுத்தேன். சுட்டுவிட்டது. கையை உதறிவிட்டு நிமிர்ந்தபோது வண்டி தெருமுனை திரும்பியிருந்தது. இடது பக்கம் அவன் வீடு, வலது பக்கம் சிதம்பரம் ரோடு. எந்தப் பக்கம் போனான் என்று ரிஸ்வானைக் கேட்டேன்.

"கத எழுதுறவரு நீங்க. என்னக் கேக்குறீங்க?" என்றான். அவன் பார்த்திருந்தான், ஆனால் சொல்லவில்லை.

ஆகவே வண்டியை உங்களிடம் விடுகிறேன். பூட்டைக் கழற்றியாயிற்று, சாக்குச் சொல்ல முடியாது.