மார்ட்டினின் முதல் கிழங்கு

"மார்ட்டின்ர கிழங்கு அழுகிப் போச்சுப் போல. தம்பியை வர வேண்டாம் எண்டு சொல்லப் போறாராம்," என்றார் யேசுரட்ணம்.

அவருடைய மனைவி அருள்நாயகி மண்வெட்டியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

ரெய்னர்ஸ் லேனில் கவுன்சில் வாடகைக்கு விடும் தோட்டத்தில் அவர்களுடைய துண்டுக்குப் பக்கத்துத் துண்டு அயர்லாந்துக்காரர் மார்ட்டினுடையது. அவர் புல்லைச் செதுக்க மாட்டார். புல்மேலேயே எருவைப் பரப்பி, விதை உருளைக்கிழங்கை வைத்து, இருபக்க மண்ணையும் புல்லோடு புரட்டி மூடுவார். அருள்நாயகியின் ஊரான யாழ்ப்பாணத்தில் தண்ணீர் பாய்வதற்காக வரம்பு கட்டினார்கள். இவர் தண்ணீர் வடிவதற்காகக் கட்டினார்.

ஆனால் 2007 யூலை மழைக்கு அதுவும் போதவில்லை. இலைகளில் அழுகல் நோயின் கறுப்புப் புள்ளிகளைக் கண்டதுமே மார்ட்டின் தண்டுகளை வெட்டி எரித்துவிட்டார். நோய் அதற்கு முன்பே கிழங்குக்கு இறங்கியிருந்தால்?

"ஒரு செடியைக் கிண்டிப் பாக்கலாமே?" என்று பக்கத்துத் துண்டில் நின்ற மார்ட்டினிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"யூலை மாதத்தின் கடைசி ஞாயிறுக்கு முன்னால் தோண்டக் கூடாது, மிஸஸ் ரட்ணம். அதுவரை வீட்டாருக்குச் சோறு போட வக்கில்லாதவன்தான் தோண்டுவான் என்பார்கள் எங்கள் ஊரில்."

அந்த ஞாயிறன்றுதான் தம்பி டொம் வருவதாக இருந்தது. அப்பாவின் காணிக்காக நடந்த சண்டையில் அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு முறிந்திருந்தது. முதல் கிழங்கைச் சேர்ந்து சாப்பிடுவோம் என்று மார்ட்டினே அழைத்திருந்தார். அவன் முன்னால் அழுகலைத் தோண்டுவதா?

"நான் உங்கட வீட்டாள் இல்லைத்தானே? நான் கிண்டினால்?"

மார்ட்டின் யோசித்தார். பிறகு தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மண் கிளறும் முள்ளுக்கரண்டி இறங்கியதும் முதலில் நாற்றம்தான் வந்தது. ஒரு செடியின் கிழங்கு முழுக்க அழுகிக் கூழாகியிருந்தது. அடுத்ததிலும் பாதி போய்விட்டது. மூன்றாவதில் நாலைந்து கிழங்குகள் கல்லுப்போல் இருந்தன. மண்ணை இழுத்து மூடினாள்.

"டொமை வரச் சொல்லுங்கோ."

மார்ட்டின் திரும்பவில்லை. "நிச்சயமாகவா?"

"ஓம். நிச்சயம்."

அவர் போனை எடுத்துக்கொண்டு கேட் பக்கம் நடந்தார்.

"என்னப்பா, இந்த நாத்தத்திலயும் பொய் சொல்லுறீர்?" என்றார் யேசுரட்ணம்.

"என்ன பொய்? அவையள் என்ன சந்தைக்கே கொண்டு போகினம்? அந்த நாலைஞ்சு கிழங்கு ரெண்டு பேர் தின்னக் காணும்."