வேலைக்கு வராத நாலு எழுத்து

களிமண் காய்ந்துகொண்டிருந்தது. குடுவை செய்யச் சொல்லியிருந்த தெசாதெய் அம்மாளோ இன்னும் எழுத்துகளை எண்ணிக்கொண்டே இருந்தாள்.

குலேனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைஸ்ரா நகரத்தின் கறுப்புப் பானைகளுக்கு ஒரு பதம் உண்டு. மண் ஈரமாக இருக்கும்போது கீறினால் கோட்டின் ஓரம் பிசிறடிக்கும். காய்ந்தபின் கீறினால் சில்லாகப் பெயர்ந்து வரும். நடுவே, பதமிட்ட தோல்போல மண் இறுகி நிற்கிற கொஞ்ச நேரத்துக்குள் எழுத்தை முடித்துவிட வேண்டும். இன்றைக்குக் கடல்காற்று வேறு. குடுவையை ஈரத்துணியால் மூடுவதும், அம்மாள் பார்க்கக் கேட்டாள் என்று திறப்பதுமாக மூன்று முறை ஆகிவிட்டது.

"இருபத்தாறு." தெசாதெய் தன் மடியிலிருந்த தந்தப் பலகையின் விளிம்பில் விரலை நிறுத்தினாள். "என் பலகையில இருபத்தாறு எழுத்து இருக்கு. நீ இருபத்திரண்டுதான் போடுவேங்கறே."

"மிச்ச நாலும் நம்ம வாயிலயே வராதும்மா. கிரேக்கக்காரன் தொண்டை அதிர ஒரு 'ப', ஒரு 'த' சொல்றான் பாருங்க, அதுக்கு ரெண்டு. வாயைக் குவிச்சு 'ஓ'ன்னு சொல்றானே, அதுக்கு ஒண்ணு. இதோ, கம்பி போட்ட ஜன்னல் மாதிரி நிக்குதே, இது எதுக்குன்னு அவனுக்கே தெரியாது."

"அப்புறம் ஏன் வரிசையில இருக்காம்?"

"கூமே ஊர்க் கிரேக்கக்காரங்க இந்த எழுத்தைப் பினீசியன்கிட்ட வாங்கினாங்க. நாம கூமேக்காரங்ககிட்ட வாங்கினோம். கூடையோட தூக்கிட்டு வந்துட்டோம், யாரும் கொட்டிப் பொறுக்கலை."

"கூடையோட வந்ததைக் கூடையோடதான் வைக்கணும்." அம்மாள் ஒரு அத்திப்பழத்தைப் பிட்டாள். "விருந்துக்கு வர்றவங்க முன்னாடி வைக்கப்போற மைக்குடுவை இது. கையில எடுத்து, வலமிருந்து இடமா ஒவ்வொண்ணாத் தடவிப் பார்ப்பாங்க. நடுவில நாலு பல்லு விழுந்த மாதிரி இருந்தா நல்லாவா இருக்கும்?"

"வேலைக்கு வராத நாலு பேருக்கும் விருந்தில தட்டு வைக்கணுமா அம்மா?"

"என் விருந்தில பாதிப் பேர் அப்படித்தான். வைக்கத்தானே செய்றேன்."

குலேனி பல்லைக் கடித்துக்கொண்டு, நூலால் குடுவையின் வயிற்றைச் சுற்றி அளந்தாள். நாற்பத்திரண்டு எழுத்துக்கு இடம் இருந்தது. வரிசை முடிந்ததும், குடுவையே வாய் திறந்து பேசுவதுபோல 'என்னைச் செய்தது' என்று எழுதுவது வழக்கம். அவர்கள் மொழியில் அதற்குப் பத்து எழுத்து. அதன்பின் செய்தவர் பெயர்.

அந்தப் பெயர்தான் அவளுக்கு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. மண்ணைப் பிசைந்து, சக்கரத்தில் ஏற்றி, மெருகிட்டு, எழுத்தும் கீறுகிறவள் அவள். ஆனால் இதுவரை எழுதிய பதினோரு பானையும் சொன்னது, 'என்னைச் செய்தது மமர்கே.' அக்காள் புருஷன் மமர்கேவுக்குச் சூளை மூட்டத் தெரியும், விற்கத் தெரியும். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அவள் கேட்டபோதெல்லாம், "அடுத்த பானையில உன் பேரு" என்பான்.

இப்போதும் விறகுக்கட்டோடு போனவன் நின்றான். "குலேனி, என் பேரைப் பெரிசாப் போடு. ஊரே பார்க்கப்போற குடுவை."

"இதுதானே அத்தான் அந்த அடுத்த பானை?"

"அடுத்ததுன்னா அடுத்தது. இது இந்தப் பானை."

அவன் சூளைப் பக்கம் போனான். குலேனி கீறுகோலை எடுத்தாள். இனி யாரோடும் பேச நேரமில்லை. இருபத்தாறையும் கீறினாள், தொண்டை அதிரும் இரண்டும் ஜன்னலும் உட்பட. 'க' ஒலிக்கே மூன்று எழுத்து வந்தது. அகரத்துக்கு முன்னால் ஒன்று, இகர எகரங்களுக்கு முன்னால் ஒன்று, உகரத்துக்கு முன்னால் ஒன்று. ஒரே வாசலுக்கு மூன்று காவற்காரர்கள்! இதையெல்லாம் யார் உட்கார்ந்து யோசித்தார்களோ என்று எரிச்சல்பட்டாலும், கோடு மட்டும் பிசகவில்லை.

'என்னைச் செய்தது' முடிந்தபோது எண்ணிப் பார்த்தாள். ஆறு எழுத்துக்குத்தான் இடம் மிச்சம்.

உயிரையும் மெய்யையும் தனித்தனியாக நிறுத்துகிற எழுத்து அது. மமர்கே என்ற பெயருக்கு ஏழு வேண்டும். குலேனிக்கு ஆறு. நெருக்கினால் ஏழையும் அடைத்துவிடலாம், பதினோரு முறை எழுதிய கைக்கு அது பெரிய காரியமில்லை. மண்ணில் விரலை வைத்துப் பார்த்தாள். ஈரம் போகப்போகிறது.

நெருக்கவில்லை. ஆறை எழுதினாள்.

குடுவையை அம்மாள் கையில் கொடுக்கையில் மமர்கேயும் திரும்பி வந்துவிட்டான். தெசாதெய் விரலால் தடவி இருபத்தாறையும் எண்ணினாள். பிறகு எல்லோரும் வாசிப்பதுபோல வாய்விட்டு வாசித்தாள். "'என்னைச் செய்தது குலேனி.'"

"யாரு?" என்றான் மமர்கே.

"ஆறு எழுத்துக்குத்தான் இடம் இருந்தது. உங்க பேருக்கு ஏழு வேணும், அத்தான். அந்த நாலு பேரை உட்கார வச்சது அம்மாதான், அவங்களையே கேளுங்க."

"அழிடீ அதை!"

குலேனி குடுவையை நகத்தால் சுண்டினாள். உலர்ந்த ஓசை வந்தது. "காஞ்சிடுச்சு. இனிமே சுரண்டினா வயிறு ஒடையும்."

மமர்கே அம்மாளைப் பார்த்தான். குலேனியும் பார்த்தாள். அம்மாள் வேண்டாம் என்றால் இந்த மண் திரும்பவும் தொட்டிக்குத்தான் போகும், பெயரோடு.

"இவதானே செஞ்சா? நான் காலையிலேர்ந்து இங்கதானே உட்கார்ந்திருக்கேன்," என்றாள் தெசாதெய். "இதையே சூளையில வை. ஆனா..." குடுவையைக் கண்ணருகே கொண்டுபோனாள். "இந்த ஜன்னல்ல ஒரு கம்பி கோணலா இருக்கே."

குலேனி கண்ணை மூடித் திறந்தாள். "அதை நம்ம ஊர்ல யாரும் வாசிக்கப்போறதில்லைம்மா."

"பார்ப்பாங்களே."

அம்மாள் ஒருவழியாகப் போன பிறகும் மமர்கே நகரவில்லை. "அந்த ஏழுல ஒண்ணைக் குறைச்சுக்க முடியாதா?"

"அடுத்த பானையில பார்ப்போம், அத்தான். இப்ப போய்ச் சூளை வாயை அடைங்க. காத்து புகுந்தா உள்ள இருக்கிறது அத்தனையும் கறுக்காம செவந்து போயிடும்."