ஒரு பெட்டி, இரண்டு திரை

அன்று காலை வயர்களை மாற்றிச் செருகியது நானா, என் மனைவி மௌரீனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நீங்கள்தான் என்கிறாள் அவள். மேஜைக்கு அடியில் குனிந்திருந்தது அவள் என்றுதான் எனக்கு ஞாபகம். ஆனால் என் ஞாபகத்தை நம்புவதற்கில்லை.

லிங்கராஜபுரம் வீட்டில் எங்களுக்கு ஒரே கம்ப்யூட்டர். ஒரு பதிப்பகத்துக்காக அதில் நான் பிழை திருத்துகிறேன். நர்ஸான மௌரீன் அயர்லாந்து வேலைக்குப் படிக்கத் தொடங்கியதும், அவள் தம்பி கில்பர்ட் வந்து அதை இரண்டு பேருக்கானதாக மாற்றிக் கொடுத்தான்.

“பொட்டி ஒண்ணுதான் மச்சான். ஸ்கிரீன் ரெண்டு, கீபோர்ட் ரெண்டு, மவுஸ் ரெண்டு. ஒரே நேரத்துல அவங்கவங்க வேலையப் பாக்கலாம். எந்த வயர் எந்த ஓட்டையிலன்னு மட்டும் மாத்திடாதீங்க. சண்டையே வராது.”

“சண்ட எங்கடா வரும்? இவர் வாயத் தொறந்தாத்தானே” என்றாள் மௌரீன்.

உண்மைதான். “போகட்டுமா, வேணாமா, ஒரு வார்த்த சொல்லுங்க” என்று அவள் கேட்டபோதெல்லாம் “பாக்கலாம்” என்றே சொல்லிவந்தேன்.

மௌரீன் வீட்டிலிருந்தே ஆன்லைனில் ஆங்கிலத் தேர்வு எழுதிய நாளில் இரண்டு திரைகளுக்கும் நடுவே ஒரு போர்வையைக் கட்டினோம். மேஜையை நகர்த்துவதற்காக வயர்களைக் கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. கேமரா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவள் எழக் கூடாது, பேசக் கூடாது. வேறு குரல் கேட்டால் தேர்வு ரத்து. மாலைக்குள் நான் அனுப்ப வேண்டிய வருமான வரிப் புத்தகம் ஒன்று இருந்தது. போர்வைக்கு இந்தப் பக்கம், இருமல் வந்துவிடுமோ என்று பயந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அவள் தட்டும் சத்தம் கேட்டது. என் திரையில், வரிவிலக்கு பற்றிய பத்தியின் நடுவே, ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. என் கை கீபோர்டில் இல்லை.

மௌரீன் விரல்களைப் பார்த்தே அடிப்பவள், நிமிர மாட்டாள். குடும்பத்தைப் பற்றிய கேள்வியாக இருக்க வேண்டும். என் கணவர் இதற்கு முழு மனதோடு சம்மதித்திருக்கிறார் என்று எழுதியிருந்தாள்.

சத்தம் நின்றது. தன் திரை காலியாக இருப்பதைப் பார்த்திருப்பாள். வெளியே ஒரு ஸ்கூட்டர் கிளம்பிப் போனது. நான் அசையாமல் இருந்தாலே போதும், நேரம் முடிந்துவிடும், யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அப்படி எவ்வளவு நேரம் இருந்தேன் என்பதுதான் தெரியவில்லை.

பிறகு என் திரையில் ஒரே ஒரு சொல் வந்தது. ஆங்கில எழுத்துகளில், ‘என்னங்க’.

பதில் அடித்தால் அது அவளுடைய விடைத்தாளில் போய் விழும். என் கீபோர்டை எடுத்துப் போர்வைக்கு அடியில் மெதுவாகத் தள்ளினேன். அந்தப் பக்கம் அதை இழுத்துக்கொண்டாள். அவளுடையது என் பக்கம் வந்தது. தட்டும் சத்தம் மறுபடி தொடங்கியது. அதே வாக்கியத்தை மறுபடி எழுதினாளா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மறுநாள் பதிப்பகத்திலிருந்து பிரபா போன் செய்தார். “சார், வருமான வரில யாரோட வீட்டுக்காரர் சார் சம்மதிக்கிறாரு?”

“என்னையத்தான் எழுதியிருக்காங்க. எடுத்துடுங்க” என்றேன்.

மௌரீன் இப்போது அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறாள். எனக்கு விசா இன்னும் வரவில்லை. கில்பர்ட் கம்மனஹள்ளியில் கடை வைத்திருக்கிறான். நான் அதே மேஜையில் பிழை திருத்துகிறேன். வயர்களை யாரும் மாற்றவில்லை.