தபாலில் வந்த பித்தளை வில்லை

"நான் எப்படிச் செத்தேன்னு கொஞ்சம் சொல்றியாம்மா?"

போனை எடுத்ததும் காதில் விழுந்த முதல் கேள்வி இதுதான்.

காலை எட்டே முக்கால் மணி. கல்லூரியின் பழைய மாணவிகள் அலுவலகத்தில் தந்தி மட்டும் தனியாக இருந்தாள். தந்தி என்பது அவள் பெயர் இல்லை. இங்கே படித்த காலத்தில் எந்த வகுப்பில் எது நடந்தாலும், அடுத்த மணி அடிப்பதற்குள் விடுதி வரைக்கும் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவாள். அப்போது ஒட்டிக்கொண்ட பட்டம், நாற்பத்திரண்டு வயதாகியும் உதிரவில்லை. இப்போது அதே கல்லூரியில் செய்திமடலின் ஆசிரியர். ஆறு வருஷமாகத் தற்காலிகம்.

"யாரு பேசறது?"

"செத்துப்போனவதான் பேசறேன். உங்க மடல்ல ஏழாம் பக்கம், கீழ்ப்பாதி, கறுப்புக் கட்டம்."

தந்தி ஏழாம் பக்கத்தைப் புரட்டினாள். அவசரத்தில் இரண்டு பக்கம் தாண்டிப் போய்த் திரும்பி வந்தாள். கறுப்புக் கட்டத்தில் எண் 9218.

"குடும்பத்தாருக்குன்னு மேல எழுதி, ஆறுதல் சொல்லி ஒரு பிரதி அனுப்பியிருக்கீங்க. என் குடும்பத்துல நான் ஒருத்திதான். நேத்து சாயங்காலம் பிரிச்சுப் படிச்சு ஆறுதல் அடைஞ்சேன்."

"அக்கா, உங்க வில்லை தபால்ல வந்துதே."

"நான்தானே அனுப்பினேன்."

அந்தக் கல்லூரிக்கு வயது நூற்றுப் பன்னிரண்டு. முதல் வருஷத்திலிருந்து ஒரு வழக்கம். சேருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் உடையில் குத்திக்கொள்ள ஒரு பித்தளை வில்லை கொடுப்பார்கள். அதில் ஓர் எண். படித்து முடித்தாலும், பாதியில் நின்றாலும் அந்த எண் அவளுக்கே சொந்தம். அவள் காலமானால் வீட்டார் வில்லையைக் கல்லூரிக்குத் திருப்பி அனுப்புவார்கள். அதனால் தபாலில் வில்லை வந்தால் அலுவலகத்தில் யாரும் எதுவும் கேட்பதில்லை. கறுப்புக் கட்டம் போட்டு எழுதிவிடுவதுதான் வேலை.

மூன்று வாரத்துக்கு முன் வந்த உறையில் கடிதம் இல்லை. வில்லை மட்டும் இருந்தது. துக்க வீட்டில் கடிதம் எழுத யாருக்கு மனசு வரும் என்று தந்தியே நினைத்துக்கொண்டாள். இறந்தவரைப் பற்றி ஒன்றும் தெரியாததால், எல்லோருக்கும் எழுதுவதையே எழுதினாள். அன்பே உருவானவர். பழகியவர் நெஞ்சங்களில் என்றும் வாழ்வார்.

"உயிரோட இருக்கறப்போ எதுக்கக்கா அனுப்பினீங்க?"

"கோவத்துல அனுப்பினேன். ஏன் அனுப்பினேன்னு ஒருத்தராவது கேப்பீங்கன்னு பாத்தேன். நீங்க என்னடான்னா வழியனுப்பியே வெச்சுட்டீங்க. சரி, இன்னிக்குத்தானே பழைய மாணவிகள் நாள்? பத்தரைக்கு அங்க இருப்பேன்."

"அக்கா, ஒரு நிமிஷம்…"

வைத்துவிட்டார்.

தந்திக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. போன இதழில் ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவரின் படத்துக்குப் பதிலாக அவருடைய சம்பந்தியின் படம் அச்சாகிவிட்டது. அன்றைக்கு பிரின்சிபல் குரலை உயர்த்தாமல் சொன்னது இன்னும் காதில் இருந்தது. "இன்னொரு தப்பு வந்தா மடலும் வேண்டாம், மடல் போடற ஆளும் வேண்டாம். எல்லாரும் போன்லயே சேதி அனுப்பிக்கலாம்." இன்று மூன்று மணிக்கு நிர்வாகக் குழு கூடுகிறது. அவளை நிரந்தரம் ஆக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்ற ஃபைல் அந்தக் கூட்டத்தில் இருக்கிறது.

அவள் அரங்கத்துக்கு ஓடினாள். நூறு வருஷத்துக் கால்கள் தேய்த்து நடுவில் குழிந்துபோன படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள்.

உள்ளே அட்டெண்டர் அக்கா கடைசி வரிசையில் நின்று நாற்காலிக்கு ஒன்றாக மடலை வைத்துக்கொண்டிருந்தார். அறுநூறு நாற்காலி. ஒரு நாள்கூடக் காலத்தில் முடியாத அவருடைய வேலை, இன்று பார்த்து முக்கால் மணி நேரம் முன்னாலேயே முடியும் தறுவாயில் இருந்தது.

"அக்கா, எல்லாத்துலயும் ஏழாம் பக்கத்தைக் கிழிக்கணும்."

"ஏன், என்ன ஆச்சு?"

"செத்தவங்க பத்தரைக்கு வராங்க."

அட்டெண்டர் அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். கையை எடுத்து அவள் நெற்றியில் வைக்காத குறைதான். தந்தி மூச்சு வாங்க விஷயத்தைச் சொல்லி முடித்ததும், ஒரு பிரதியை எடுத்துப் பிரித்தார்.

"ஏழைக் கிழிச்சா பின்பக்கம் எட்டும் சேந்து போகுமே. எட்டுல யாரு இருக்கா?"

தந்தி பார்த்தாள். பிரின்சிபல் வாழ்த்துரை. முழுப் பக்கம், படத்தோடு.

"அப்போ அவங்க நம்மளைக் கிழிப்பாங்க" என்றார் அட்டெண்டர் அக்கா. "பேசாம வாசிக்கறப்போ அந்த நம்பரை முழுங்கிடு. யாரு கவனிக்கப் போறா?"

அது ஒரு வழியாகத்தான் பட்டது. விழாவில் அந்த வருஷம் காலமானவர்களின் எண்ணையும் பெயரையும் வாசிக்கிறவள் தந்தியேதான். ஒவ்வொரு எண்ணுக்கும் அதற்குரியவளைத் தெரிந்தவர்கள் எழுந்து நின்று, "இருக்கிறோம்" என்பார்கள். பதினொரு எண்கள். ஒன்றை விட்டால் பத்து. வாசித்துவிட்டு மேடையிலிருந்து இறங்கிவிடலாம். மூன்று மணிக்கு அப்புறம் எது வெளியே வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம். அந்த அக்காவை மட்டும் எப்படியாவது அலுவலகத்திலேயே உட்கார வைத்துவிட்டால் போதும்.

பத்து இருபத்தைந்துக்கு ஒரு சைக்கிள் வாசலில் வந்து நின்றது. இறங்கியவருக்கு அறுபத்து மூன்று வயது இருக்கும். குட்டையான உருவம், விரல் நகங்களில் எண்ணெய்க் கறுப்பு. கேரியரில் ஒரு கான்வாஸ் பை. அதைத் தூக்கித் தோளில் மாட்டியபோது உள்ளே இரும்பு குலுங்கியது.

"நீதான் என்னைக் கொன்ன பொண்ணா?"

"உள்ள வாங்கக்கா. டீ சொல்றேன்."

"செத்தவளுக்கு டீயா, பரவாயில்லையே."

அலுவலகத்தில் உட்கார்ந்தவர், சுற்றிலும் பார்த்தார். சுவர் நிறைய வகுப்புப் படங்கள். மேஜையில் ஒரு தட்டு, அதில் பதினொரு பித்தளை வில்லைகள். தன்னுடையதை உடனே கண்டுபிடித்தார். ஆனால் எடுக்கவில்லை.

"பின்பக்க ஊசி வளைஞ்சிருக்கே. நான் அனுப்பறப்போ நேரா இருந்துது" என்றார்.

"என்னக்கா பண்றீங்க நீங்க? தொழில்?"

"தையல் மிஷின் ரிப்பேர். வீடு வீடாப் போய்ப் பாப்பேன். மூணாம் வருஷம் எங்கப்பா போயிட்டாரு, படிப்பை விட்டேன். அவரோட ஸ்பேனர் செட்டை எடுத்துக்கிட்டேன். இதெல்லாம் உங்களுக்கு எழுதியிருந்தேனே, ஏழு கடிதம்."

ஏழும் எங்கே இருக்கின்றன என்று தந்திக்குத் தெரியும்.

செய்திமடலுக்கு ஒரு படிவம் உண்டு. அதில் நான்கு கட்டங்கள். பட்டம், பதவி, திருமணம், குழந்தை. பழைய மாணவிகள் எழுதும் எதுவும் இந்த நான்கில் ஒன்றில் விழ வேண்டும். விழாத கடிதங்களைத் தந்தி ஒரு பச்சை ஃபைலில் போட்டுவிடுவாள். ஃபைலின் மேல் அவள் கையெழுத்திலேயே ஒரு சொல்: 'பிறகு'.

அந்த ஃபைல் இப்போது அந்த அக்காவின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். தந்தி தடுப்பதற்குள் திறந்தார். தன் கையெழுத்தை அடையாளம் கண்டு, ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் அடுக்கினார். ஏழும் இருந்தன. ஒன்றுகூடத் தொலையவில்லை.

"பத்திரமாத்தான் வெச்சிருக்க" என்றார்.

அதற்குப் பதிலாகத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தந்திக்குத் தோன்றியது.

"அக்கா, நான் ஒரு உதவி கேக்கணும். இன்னிக்கு உங்க எண்ணை வாசிக்காம விட்டுடறேன். நீங்க இங்கயே இருங்க. அடுத்த இதழ்ல உங்களைப் பத்தி முழுப் பக்கம் போடறேன். இன்னிக்கு மட்டும் இது வெளிய தெரிஞ்சா எனக்கு வேலை இருக்காது. அடுத்த இதழும் இருக்காது."

அந்த அக்கா டீயைக் குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"வாசி" என்றார். "நான் கடைசி வரிசையில உக்காந்துக்கறேன். வாயைத் திறக்க மாட்டேன், உன் வேலைக்கு என்னால ஆபத்து இல்ல. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். எத்தனை பேரு எழுந்து நிக்கறாங்கன்னு பாக்கணும்."

பதினொன்றரைக்கு அரங்கம் நிறைந்துவிட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். 'நீ இளைச்சுட்டடி' என்றவளுக்கு, 'நீ என் பங்கையும் வாங்கிக்கிட்ட' என்று பதில். பல வருஷத்துச் சண்டைகள் நாற்காலி பிடிப்பதில் தொடர்ந்தன. தந்திக்கு மேடை ஓரத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கண் கடைசி வரிசைக்கே போயிற்று. அங்கே கான்வாஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். யாரும் அவரிடம் பேசவில்லை.

பிரின்சிபல் தலையசைத்தார். அட்டெண்டர் அக்கா மணியை ஒரு முறை அடித்தார். தந்தி வாசிக்கத் தொடங்கினாள்.

முதல் எண்ணுக்கு முப்பது பேர் எழுந்தார்கள். இரண்டாவதுக்கு ஒரு வரிசையே எழுந்தது. மூன்றாவது எண் மிகப் பழையது. ஊன்றுகோலோடு ஒரே ஒரு அம்மா எழுந்து, உடைந்த குரலில் "இருக்கிறேன்" என்றார். எட்டு எண்கள் முடிந்தன.

ஒன்பதாவது 9218. விழுங்க வேண்டிய எண். தந்தி தாளைப் பார்த்தாள். பிறகு வாசித்தாள். பெயரையும் சேர்த்து.

யாரும் எழவில்லை.

அந்த அக்காவோடு படித்த வருஷத்துக்காரர்கள் இரண்டாம் வரிசையில் நான்கு பேர் இருந்தார்கள். ஒரு டாக்டர் தன் கைப்பையில் எதையோ தேடினார். பக்கத்திலிருந்த ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் தணிந்த குரலில், "யாருடி அது? நம்ம குரூப் போட்டோவுல இருக்காளா?" என்றார். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

கடைசி வரிசையில் அந்த அக்கா பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அது சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் சரிசெய்தார்.

பத்தாவது எண்ணுக்குப் போயிருக்கலாம். இரண்டு நொடி போதும். தந்தி தாளை மடித்துவிட்டாள்.

"இந்த அக்கா உயிரோட இருக்காங்க" என்றாள். ஒலிபெருக்கியில் அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "வில்லை வந்துது. நான் ஒரு போன்கூடப் பண்ணலை. ஏழாம் பக்கத்துல நான் எழுதினது பொய். அவங்களைப் பத்தி எனக்கு எதுவும் தெரியாது. தெரிஞ்சுக்க வாய்ப்பு இருந்துது. ஏழு கடிதம் போட்டிருக்காங்க. எதுவும் நம்ம படிவத்துல அடங்கலைன்னு எடுத்து வெச்சுட்டேன்."

பிரின்சிபலின் முகம் திரும்பியது. தந்தி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அலுவலக மேஜையிலிருந்து எடுத்து வந்து, கைக்குள் மடித்து வைத்திருந்த கடிதங்களைப் பிரித்தாள்.

"நாலாவது கடிதம். 'ஐம்பத்தெட்டு வயதில் மோட்டார் மிஷின் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவர் என்னைவிட முப்பது வயது சின்னவர். முதல் நாளே இரண்டு முறை ஷாக் அடித்தது.'"

யாரோ சிரித்தார்கள்.

"ஏழாவது. 'இதற்கு முன் ஆறு கடிதம் எழுதினேன். மடலில் போடாவிட்டால் பரவாயில்லை. கிடைத்தது என்று ஒரு வரி எழுதினால் போதும்.'"

கடிதங்களை மடித்தாள்.

வங்கி மேலாளர் எழுந்து திரும்பி, அரங்கத்தின் பின்பக்கம் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். "அது நம்ம சைக்கிள்காரி இல்ல? விடுதிச் சுவர் மேல சைக்கிளைத் தூக்கிப் போட்டுத் தாண்டுவாளே?"

"சுவரையா, சைக்கிளையா?" என்றார் டாக்டர், எழுந்துகொண்டே.

"ரெண்டையும்தான்" என்று கடைசி வரிசையிலிருந்து பதில் வந்தது.

நால்வரும் எழுந்து நின்றார்கள். என்ன சொல்வது என்று தெரியாமல், வழக்கப்படியே "இருக்கிறோம்" என்றார்கள். உயிரோடு இருப்பவளுக்கு அதைச் சொன்னது அந்தக் கல்லூரியில் அதுதான் முதல் தடவை.

மீதி இரண்டு எண்களையும் வாசித்து விழா முடிந்ததும் பிரின்சிபல் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"அந்த ஃபைல்ல இன்னும் எத்தனை பேரு இருக்காங்க?"

"இவங்களைத் தவிர நாப்பத்தோரு பேரு மேடம்."

"அதுல எத்தனை பேரு இப்போ உயிரோட இருக்காங்க?"

"தெரியலை மேடம்."

"மூணு மணிக்குக் குழுவுக்குப் போறேன். உன்னைப் பத்தி என்ன சொல்றதுன்னு நான் இன்னும் முடிவு பண்ணலை. அதுவரைக்கும் நகத்தைக் கடிச்சுக்கிட்டு நிக்காதே. போ."

அலுவலகத்துக்கு வந்தபோது அந்த அக்கா குறட்டால் ஊசியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்ததும் வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு, பையைத் தோளில் மாட்டினார்.

"மூணு மணிக்கு என்ன ஆனாலும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடு" என்றார். "இந்தத் தடவை நான் காத்துக்கிட்டு இருப்பேன்."

சைக்கிள் போகும் சத்தம் தேய்ந்தது. மணி ஒன்று இருபது. தந்தி பச்சை ஃபைலைத் திறந்தாள். மீதியிருந்தவர்களில் முதல் ஆளின் கடிதத் தேதி ஐந்தரை வருஷத்துக்கு முந்தையது. கீழே ஒரு போன் எண்.

அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அவள் எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, மறுபடி அழுத்தினாள். ஆறு, ஏழு, எட்டு.

"யாரு?" என்றது ஒரு குரல், தூக்கத்திலிருந்து எழுந்ததுபோல.

தந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க கடிதம் கிடைச்சுது" என்றாள்.