மாற்றியவர் பெயர்

மீட்டிங் அறைக்கு வெளியே இளவேனில் முக்கால் மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி வந்து, தில்லைநகரில் ஒரு மாடியில் இருந்த அந்த சாஃப்ட்வேர் கம்பெனியில் மூன்று வருடமாக ஒப்பந்த வேலை பார்க்கிறாள். அடுத்த மாதம் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். இப்போது வேலையே மிஞ்சுமா என்பது கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் முடிவாகிக்கொண்டிருந்தது.

ஒரு ஆஸ்பத்திரியின் மருந்துச்சீட்டு சாஃப்ட்வேர் அவள் பொறுப்பு. ஜாவாவில் தனித்தனித் துண்டுகளாகக் கட்டியது. ஒவ்வொரு துண்டும் தனக்கு வேறு எந்தத் துண்டின் சேவை வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும். ‘மேண்டேட்டரி’ என்று எழுதினால் அது இல்லாமல் இது எழுந்திருக்காது. ‘ஆப்ஷனல்’ என்றால் வந்தால் சரி, வராவிட்டாலும் வண்டி ஓடும். மருந்துச்சீட்டுக்கு ஒவ்வாமைச் சோதனை மேண்டேட்டரி என்று இளவேனில்தான் எழுதியிருந்தாள். எந்த மருந்து யாருக்கு ஆகாது என்று பார்க்காமல் சீட்டு அடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வம்பு அதில்தான் வந்தது. ஒவ்வாமைத் துண்டைப் புதுப்பிக்கும்போதெல்லாம் மருந்துச்சீட்டுத் திரையும் பத்து நிமிடம் படுத்துவிடும். ஆஸ்பத்திரியில் கத்தினார்கள். மேனேஜர் பிரவீன்ராஜ் அவள் மேஜைக்கே வந்து நின்றார்.

"ஆப்ஷனல்னு மாத்தி விடும்மா. ஒத்த வார்த்தை."

"சார், அது நின்னுபோனா இது பாக்காமலே சீட்டு குடுத்துடும். ஒருத்தருக்கும் தெரியாது. மெயில்ல ஒரு வரி போடுங்க, மாத்திடறேன்."

"நான் சொல்றது போதாதா?"

மெயில் வரவில்லை. அவளே எழுதிக் கேட்ட மெயிலுக்கும் பதில் இல்லை. சாயங்காலத்துக்குள் மூன்று முறை வந்து நின்றார். நிரந்தரத்தைப் பற்றியும் பேச்சோடு பேச்சாக ஒரு தடவை சொல்லி வைத்தார். இளவேனில் மாற்றினாள்.

போன வாரம் புதிய பதிப்பை ஏற்றினார்கள். தனக்கு வேண்டிய லைப்ரரி, அதாவது துணை நிரல், கிடைக்காமல் ஒவ்வாமைத் துண்டு எழவேயில்லை. மருந்துச்சீட்டு மட்டும் சமர்த்தாக ஓடியது. அரியமங்கலம் லேத் பட்டறைக்காரர் பிச்சமுத்துவுக்கு எந்த ஊசி ஆகாது என்று நர்ஸ் ரோசம்மாள் அவர் வந்து சேர்ந்த அன்றே பதிந்திருந்தார். அதே ஊசியைப் போட்டார்கள். மூச்சு முட்டி இரண்டு நாள் ஐசியூவில் கிடந்து பிழைத்தார்.

கதவைத் திறந்து அவளை உள்ளே கூப்பிட்டார்கள். ஹெச்.ஆர். யமுனா ஒரு தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். தேதி, மாற்றிய வரி, மாற்றியவர்: இளவேனில்.

"உங்க பேர்தானே?"

"என் பேர்தான் மேடம். மாத்தச் சொன்னது சார். எழுதிக் கேட்டு மெயில் அனுப்பியிருக்கேன், பாருங்க."

"சரின்னு பதில் போட்டாரா?"

யமுனா பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரவீன்ராஜ் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டு, "ஸ்கிரீன் நிக்காம பாத்துக்கன்னு பொதுவா சொன்னேன்," என்றார்.

தட்டியது தன் விரல்தான் என்ற உறுத்தல் ஒரு வாரமாக அவளைத் தூங்கவிடவில்லை. இவருக்கோ உறுத்தின அடையாளமே இல்லை.

"வாய் கூசாம சொல்றீங்களே சார்! மூணு தடவை வந்து நின்னீங்களே!"

"குரலை உசத்தாதீங்க. இன்னியோட உங்க ஒப்பந்தம் முடியுது. ஐடி கார்டைக் குடுத்துடுங்க," என்றார் யமுனா. அவளுடைய லாகினை ஊசி விஷயம் தெரிந்த அன்றே முடக்கியிருந்தார்கள்.

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கப் போனவளை பிரவீன்ராஜ் ஓடி வந்து மறித்தார்.

"ஒரு நிமிஷம்மா. ஆஸ்பத்திரிக்காரங்க லைன்ல இருக்காங்க. அதைத் திரும்ப மேண்டேட்டரி ஆக்கணும். எப்படின்னு இங்க யாருக்கும் தெரியல."

"நான்தான் வேலையிலேயே இல்லையே சார்."

"பேஷண்டுங்க பாவம் இல்லையா?"

பாவம்தான். எங்கே பிடித்தால் இவள் நிற்பாள் என்று தெரிந்து பிடித்துவிட்டாரே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. தோளிலிருந்த பையை இறக்காமலே அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய லாகினில் அந்த வரியைத் தேடித் திருத்தினாள். லைப்ரரியையும் சரிசெய்தாள். ஒவ்வாமைத் துண்டு எழுந்தது. அதன் பின்னாலேயே மருந்துச்சீட்டும் எழுந்தது.

"வந்திருச்சு சார், ரொம்ப தேங்க்ஸ்," என்றது ஸ்பீக்கரில் ஒரு குரல்.

"எங்க கடமைதானேங்க," என்றார் பிரவீன்ராஜ், அவள் தலைக்கு மேலாகக் குனிந்து.

திரையில் புதிதாக ஒரு வரி வந்து நின்றது. மாற்றியவர்: பிரவீன்ராஜ்.