கூடைக்குக் கீழே ஓர் இடம்

1976-இல் சென்னையில் ஒரு பெரிய நிறுவனம் தன் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு வேலை கொடுத்து ஆள் எடுத்தது. கேரளத்துச் சித்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆறடி உயரப் பெண் கூடைக்கடியில் நின்று சென்டர் ஆடுகிறாள் என்று கேள்விப்பட்டு, பார்த்துவரக் குருவம்மாளை அனுப்பினார்கள். சூரியநெல்லி எஸ்டேட்டில் பிறந்தவள் அவள். அதே அணியில் பல வருடம் சென்டராக ஆடி, மூக்கை உடைத்துக்கொண்டவள்.

அந்தப் பெண் கமலாத்தாள், பக்கத்து நல்லேப்பிள்ளியில் வயலுள்ள குடும்பத்தவள். அவளை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்த அண்ணன் காளிச்சாமி கல்லூரி மைதானத்தின் கம்பிவேலிக்கு வெளியே நின்றான். தங்கை ஆடுவதில் அவனுக்குப் பெருமை. கூட வருபவனும் எப்போதும் அவன்தான்.

குருவம்மாள் ஓரமாக நின்று பார்த்தாள். பெண்ணுக்குப் பந்து கையில் ஒட்டியது. வலப்பக்கம் திரும்பி எறிந்தால் தப்பவில்லை. இடது கை உதவாது, ஆனால் அது பழகினால் வந்துவிடும். தொந்தரவு வேறு இடத்தில். யாராவது முட்டினால் ஒதுங்கி இடம் விட்டாள். உயரத்தை வைத்தே இதுவரை ஜெயித்திருக்கிறாள். அதே உயரத்தில் எதிரே ஒருத்தி நின்றால் என்ன ஆகும்?

கல்லூரிப் பயிற்சியாளர் சூசையப்பனிடம் சொல்லிவிட்டு குருவம்மாளே ஆட இறங்கினாள்.

முதல் பந்துக்கே முழங்கையை விலாவில் இறக்கினாள். கமலாத்தாள் மூச்சடைத்து விலகினாள். அடுத்ததற்குத் தோளால் வாயில் இடித்தாள். உதடு கிழிந்தது. மூன்றாவது முறை இடுப்பால் தள்ளியதில் பெண் சிமெண்ட் தரையில் விழுந்து முழங்கால் தோல் உரிந்தது. சூசையப்பன் போதும் என்றார். குருவம்மாள் காதில் வாங்கவில்லை.

காளிச்சாமி வேலியைத் தாண்டி வந்தான். எதுவும் கேட்காமல் குருவம்மாள் முகத்தில் குத்தினான். அவள் மல்லாந்து விழுந்தாள். எட்டி உதைக்கக் காலைத் தூக்கியவனுக்கு முன்னால் கமலாத்தாள் போய் நின்றாள். அவன் தள்ளிப் பார்த்தான். அவள் அசையவில்லை. மீண்டும் பாய்ந்தவன் அவள் தோளில் மோதித் தெறித்தான். விழும்போது ஊன்றிய கை மணிக்கட்டில் முறிந்தது.

குருவம்மாள் ரத்தத்தைத் துப்பிவிட்டு எழுந்தாள்.

"இப்ப எனக்காக நின்ன. பந்துக்காக நிப்பியா புள்ள?"

கமலாத்தாள் தரையில் முனகிய அண்ணனைப் பார்த்தாள். "செத்த பொறுத்துக்குங்கண்ணா" என்றாள். பிறகு சூசையப்பனிடம் பந்தை எறியச் சொன்னாள்.

பந்து போர்டில் பட்டுத் திரும்பியது. குருவம்மாள் முழு பலத்தோடு முட்டினாள். இந்த முறை பெண் கால்களை அகட்டி முதுகைக் கொடுத்தாள். அவள் முழங்கை பின்னால் வந்து குருவம்மாளின் விலாவில் ஏறியது. எலும்பு முறிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது. பந்து கமலாத்தாள் கையில் இருந்தது.

சூசையப்பன் ஜீப்பை எடுத்தார்; கமலாத்தாள் முன்னால் ஏறிக்கொண்டாள். காளிச்சாமியும் குருவம்மாளும் பின்னால் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். மூச்சு விடவே சிரமப்பட்ட குருவம்மாள், ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது சூசையப்பனிடம் சொன்னாள்: "ஆட்டத்துக்கு இன்னும் பத்தாது. ஒரு வருசம் பெஞ்சுலதான் உக்காரணும். ஆனா எடுத்துக்கிடலாம்."

கமலாத்தாளுக்கும் அது கேட்டது. குழாயடிக்குப் போய் வாந்தி எடுத்தாள். முகம் கழுவித் திரும்பி வந்து, எப்போது சென்னைக்கு வரவேண்டுமென்று குருவம்மாளிடம் கேட்டாள்.