ஆர்கன் வாசித்தவர்

வலது கன்னத்தை மழித்து முடித்து, கணவரின் தாடையை மசுயோ மெல்லத் திருப்பியபோது வாசல் மணி அடித்தது. கென்சாகு விடியற்காலையில் இறந்திருந்தார். உடலைத் தயார்செய்ய வந்தவர்கள், "நாங்க பண்ணிடறோம்மா" என்றதற்கு, "நாப்பத்தொம்பது வருஷமா அவர் சவரத்துக்குக் கண்ணாடி நான்தான்" என்று சவரக்கத்தியை வாங்கிக்கொண்டாள். யார் வந்தாலும் இருக்கட்டுமென்று, இடது கன்னத்தையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

வந்திருந்தவன் தொகுனாகா. கென்சாகு 1971-ல் ஒரு படத்துக்கு இசையமைத்தார். போதைக் கனவு மாதிரி கிடாரும் ஆர்கனும் சுழன்று சுழன்று வரும். படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. இசைத்தட்டும் காணாமல் போனது. அதைத்தான் தொகுனாகா இப்போது மறுபடி வெளியிடுகிறான்.

ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத் தயங்கினான். "இன்னிக்கு வரவே கூடாதுதான்மா. தட்டோட அட்டை நாளைக்கு அச்சுக்குப் போகுது. ஒரே ஒரு இடம் காலியா நிக்குது."

மாதிரி அட்டையை நீட்டினான். கிடார், டிரம்ஸ், புல்லாங்குழல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ஆர்கன்: தெரியவில்லை.

"ஐயாகிட்ட நாலு தடவை கேட்டேன். மறந்துட்டேன்னே சொன்னார். அந்த ஆர்கனுக்காகத்தான் பாதிப் பேர் இதைத் தேடறாங்க."

"மறக்கலை தம்பி. வாக்குக் குடுத்திருந்தார்."

"யாருக்கு?"

"எனக்கு."

தேநீர் கொண்டுவந்த மகள் அகனே அப்படியே நின்றாள். "அம்மா, நீயா? அந்தப் படத்துலயா? அதுல பொம்பளைங்கள்லாம்..."

"துணியில்லாம ஓடுவாங்க. அதான் பேர் போடாதீங்கன்னேன். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல வாசிக்கிற பொண்ணு நான். அங்க பாதிரியாரே எங்கப்பா."

"தாத்தா கொன்னிருப்பாரே!"

"உங்கப்பாவைத்தான் முதல்ல."

போன வாரம் ஆஸ்பத்திரியில், "இப்பவாவது சொல்லிடட்டுமா?" என்று கென்சாகு கேட்டார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

தொகுனாகாவின் பேனாவை வாங்கினாள்.

"இப்போதைய பேர்தானேம்மா?" என்றான் அவன்.

"வாசிச்சப்ப எனக்குக் கல்யாணம் ஆகலை."

'தெரியவில்லை'யை ஒரே கோட்டில் அடித்தாள். தன் தந்தையின் குடும்பப் பெயரை எழுதி, பக்கத்தில் மசுயோ என்று போட்டாள்.

"முதல் தட்டு பையில இருக்கு. ஐயாவுக்குப் போட்டுக் காட்டணும்னு..." தொகுனாகா பையைத் தொட்டான்.

"அதுக்கென்ன, போடு."

அவள் கணவரின் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கிடார் முனகியது, டிரம்ஸ் சேர்ந்தது. பிறகு ஆர்கன் எழுந்து அறை முழுவதையும் எடுத்துக்கொண்டது. சவப்பெட்டியைத் தூக்கி வந்தவர்கள்கூட வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள்.

மசுயோ மடியில் கைகளைக் கோத்து அசையாமல் இருந்தாள். கறுப்புக் கிமோனோவின் விளிம்புக்குக் கீழே அவளுடைய இடது கால் மட்டும், பாயின் மேல், அங்கே இல்லாத ஆர்கன் மிதிகட்டையைத் தாளம் தப்பாமல் அழுத்திக்கொண்டிருந்தது.